மணித் தண்ணீர்

நகர மருத்துவமனை,
18 அக்டோபர் 2010

அன்புள்ள தம்பி கோல்மனுக்கு,

அக்கா டெலியா எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நலமாக இருந்தால் இங்கே ஏன் படுத்திருக்கிறேன்? ஆகவே, இருக்கிறேன். நீயும் மாடுகளும் நலம்தானே?

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்காதே. தீவின் தபால் ஆபீசை இத்தனை வருஷம் நடத்தியவள் நான். கடிதம் குறைந்தால் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் மிரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாமாவது எழுதுவோம். அதுவுமில்லாமல், நம் வீட்டுக் கல்சுவருக்குள் உன் கைப்பேசி வேலை செய்த நாள் உண்டா?

விஷயத்துக்கு வருகிறேன். இரத்தப் புற்றுநோய்தான், சந்தேகமில்லை. நாளை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். அந்த மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் சேர்த்து அழித்துவிடுமாம். அப்புறம் சில வாரங்களுக்கு என் உடம்பில் காவலுக்கு ஆளே இருக்காது. குளிர்காலத்தில் கடல் கெட்டால் படகு வராது என்பதால், நடுவில் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். வசந்தம் வரை இங்கேதான்.

இந்த வார்டின் தலைமை நர்ஸ் டெர்வ்லா நேராகப் பேசுகிறவள். "நோய நாங்க பாத்துக்குறோம். நீங்க பாத்துக்க வேண்டியது மத்தவங்க கைய. யாரோ ஒருத்தரோட சளியே உங்கள முடிச்சுரும். யாரு கிட்ட வந்தாலும் கை கழுவிட்டீங்களான்னு கேளுங்க. டாக்டரா இருந்தாலும் கேளுங்க. நானா இருந்தாலும் கேளுங்க," என்றாள்.

நம்மூரில் யாராவது டாக்டரைக் கேள்வி கேட்டிருக்கிறார்களா? டாக்டர் வருகிறார் என்றால் அம்மா நாயைக்கூடக் குளிப்பாட்டுவாள். குடல் வெளியே தொங்கினாலும் "நல்லாருக்கேன் டாக்டர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பதுதான் நம் தீவின் மரியாதை. அந்த மரியாதையோடு செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
டெலியா


இனிஷ்டுவான் தீவு,
26 அக்டோபர்

பிரியமுள்ள அக்காவுக்கு,

கோல்மன் எழுதுவது. நானும் மாடுகளும் நலம். சிவப்பி கன்று போட்டிருக்கிறாள். உன் நலத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முன்பே பெக்கிக்குக் கிடைத்துவிட்டது. உனக்குப் பதிலாகத் தபால் ஆபீசில் உட்காருகிறாளே, உறை சரியாக ஒட்டவில்லை என்கிறாள். "டெலியா உடம்புல காவலுக்கு ஆளில்லையாமே" என்று படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். போகட்டும், ஊரே உனக்காக ஜெபிக்கிறது.

நீ பயப்படாதே. மணியைக் கொண்டுவருகிறேன். புனித டுவானின் மணி நம் குடும்பத்தின் காவலில் இருப்பதே இதற்குத்தானே? அதன் நாக்கு எந்தக் காலத்திலோ விழுந்துபோனதும் நல்லதற்குத்தான். தலைகீழாகப் பிடித்தால் கிண்ணம். புனிதரின் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, விளிம்பை முத்தமிட்டு ஒரு வாய் குடித்துவிடு. அப்பா எத்தனை படுக்கைக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறார் என்று உனக்கே தெரியும். சொந்த அக்காவுக்குக் கொண்டுபோகாவிட்டால் நான் என்ன மணிக்காரன்?

கடல் அடங்கினால் பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை வருவேன். பெக்கி வருகிறாள், படகுக்காரன் ஃபெஸ்டஸ் வருகிறான், அவன் தங்கைகளும் வருகிறார்கள். டெலியாவைப் பார்க்க யாரும் வரவில்லை என்ற பேச்சு நமக்கு வேண்டாம்.

என்றும் உன்,
கோல்மன்


நகர மருத்துவமனை,
4 நவம்பர்

அன்புள்ள கோல்மன்,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி நலமானேன். சிவப்பியும் கன்றும் எப்படி? பெக்கி, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். நீயும் நலமா?

செவ்வாயன்று பெரிய டாக்டர் ஹெஃபர்னன் வந்தார். பின்னால் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஒரு கூட்டம். பக்கத்துப் படுக்கை வின்னியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் அப்படியே என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். என் வாய் "நல்லாருக்கேன் டாக்டர்" என்று சொல்லத் திறந்தேவிட்டது. மூடிக்கொண்டு மறுபடி திறந்தேன்.

"டாக்டர், கை கழுவிட்டீங்களா?"

"இப்பத்தானேம்மா கழுவினேன்."

"அது வின்னியத் தொடறதுக்கு முன்னாடி. என்னத் தொடறதுக்கு முன்னாடி இல்லயே."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் போய்க் கழுவினார். பின்னால் வந்த பிள்ளைகளும் வரிசையாக நின்று கழுவினார்கள், பூசையில் நற்கருணை அப்பம் வாங்க நிற்பதுபோல. வின்னி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "உனக்கு எம்புட்டுத் தைரியம் டெலியா! நானெல்லாம் செத்தாலும் கேக்க மாட்டேன்." நல்ல மனுஷி, மலைப்பக்கத்து ஊர். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று தாகத்தோடு படுத்திருப்பவள்.

இப்போது கஷ்டமான பேச்சு. மணி வேண்டாம், தம்பி. தண்ணீரும் வேண்டாம். டெர்வ்லாவைக் கேட்டேன். எனக்குக் கொதிக்க வைக்காத தண்ணீர் ஆகாது. தோல் உரிக்காத பழம் ஆகாது. பூங்கொத்துகூட ஆகாது. எத்தனையோ பேர் வாய் வைத்த விளிம்பில் என்னை வாய் வைக்கச் சொல்லாதே. புனிதர் மேல் எனக்குக் குறையில்லை. நீ வா. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் மட்டும், தனியாக வா. உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
டெலியா


இனிஷ்டுவான்,
9 நவம்பர்

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மணியை இதுவரை எவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அம்மா கடைசி மூச்சில்கூட அதிலிருந்துதான் குடித்தாள். தண்ணீரில் அழுக்கு என்று ஒரு நர்ஸ் சொன்னால் நம் குடும்பம் இத்தனை தலைமுறையாகச் செய்தது தப்பாகிவிடுமா?

ஊரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை வருகிறோம்.

கோல்மன்


நகர மருத்துவமனை,
15 நவம்பர்

அன்புள்ள கோல்மன்,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? வந்தபோது உன் முகம் வெளுத்திருந்தது. படகில் எல்லோரிடமும் உன் பக்கத்தைச் சொல்லியிருப்பாய். நான் என் பக்கத்தை எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று வார்டு வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. தீவுக்காரர்களுக்கு அது வேறு யாருக்கோ எழுதியது. டெர்வ்லா சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏழு பேர் நுழைந்தீர்கள். ஃபெஸ்டஸின் தங்கை என் கட்டில்மேலேயே உட்கார்ந்தாள். நீ துணியைப் பிரித்து மணியை எடுத்துப் புட்டியிலிருந்து தண்ணீரை ஊற்றினாய். வார்டில் மற்ற நோயாளிகள் எல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"ஒரு வாய்தானேக்கா."

"வேண்டாம் கோல்மன். எழுதியிருந்தேனே."

"ஊரு பாக்குதுக்கா."

"பாக்கட்டும்."

பெக்கி வேறு, "உதட்டுல வெச்சா மட்டும் போதும் டெலியா, புனிதர் கோவிச்சுக்கப் போறாரு" என்றாள். நீ மணியை என் வாய்வரை கொண்டுவந்தாய். நான் உதட்டை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பியவள் அழுதுகொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. அப்பாவின் கையில் பார்த்த மணி அது. அதற்கு முதுகு காட்டுவது எனக்கு எளிதென்று நினைத்தாயா?

"எனக்குத் தாங்க தம்பி," என்று வின்னி கை நீட்டினாள். ஆசையாகக் குடித்தாள், மிச்சம் வைக்காமல். நீ என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாய்.

கோபப்படு. ஆனால் நாளைக்கே நீ மறுபடி கொண்டுவந்தாலும் நான் மறுபடி சுவர்ப்பக்கம்தான் திரும்புவேன். நான் பிழைக்க வேண்டும், தம்பி. அவ்வளவுதான் என் கணக்கு.

அன்பு மாறாத,
டெலியா


நகர மருத்துவமனை,
29 நவம்பர்

அன்புள்ள கோல்மன்,

பதில் காணோம். பனி கொட்டுகிறதே, படகு ஓடவில்லையோ என்னவோ. தீவில் எல்லோரும் நலமா? உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நான் இப்போது தனி அறையில். வார்டில் வாந்தியும் பேதியும் பரவிவிட்டன. குளிர்காலத்தில் வருவதுதான் என்கிறார்கள். நீங்கள் வந்துபோன அடுத்த வாரம் ஆரம்பித்தது. பார்க்க வருகிறவர்களுக்கு வார்டையே பூட்டிவிட்டார்கள். அன்று நீங்கள் போனதும் டெர்வ்லா என் போர்வை, தலையணை எல்லாவற்றையும் மாற்றினாள். என்னை முழங்கைவரை கழுவ வைத்தாள். முதல் ஆள் வாந்தியெடுத்ததுமே, யாரோ வீட்டுக்குப் போய்க் காலியான அறையில் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. வெள்ளை அணுக்கள் சுத்தமாக இல்லை, முடியும் இல்லை. ஆனால் வாந்தி இல்லை.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டெலியா


நகர மருத்துவமனை,
14 டிசம்பர்

அன்புள்ள கோல்மன்,

இதுவும் பதில் இல்லாமல் எழுதும் கடிதம். நீ நலமாக இருக்கிறாய் என்று ஃபெஸ்டஸ் சொன்னதால் நிம்மதி.

மருமகளைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தவன் என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்திப் பேசினான். பாதி கேட்டது. "அன்னைக்கு உன்னப் பாக்க வர்றப்பவே படகுல கோல்மன் நெலம பாவம்! கடலு குளம் மாதிரி கெடந்துச்சு. அவன் என்னடான்னா ஓரத்துல குனிஞ்சவன் நிமிரவேயில்ல" என்று சிரித்தான். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவன் நீ. ஒரு நாள்கூட உனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.

நான் ஃபெஸ்டஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இதை இத்தோடு விடுகிறேன். நீயும் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஆனால் கடிதம் மட்டும் எழுது. மாட்டைப் பற்றி எழுது, வலையைப் பற்றி எழுது. இந்த அறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். உன் கையெழுத்தையாவது பார்க்க வேண்டும்.

உன் அக்கா


இனிஷ்டுவான்,
20 டிசம்பர்

அக்கா,

நலமா? இங்கே பனி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. சிவப்பியின் கன்றை வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கிறேன். உன் நாற்காலியை நக்கிக்கொண்டிருக்கிறது.

உன் பக்கத்துப் படுக்கை அம்மா, மணியில் குடித்தவர், எப்படி இருக்கிறார்? தயவுசெய்து சீக்கிரம் எழுது.

கோல்மன்


நகர மருத்துவமனை,
28 டிசம்பர்

அன்புள்ள தம்பி,

கன்றைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். நாற்காலியைத் துடைத்து வை.

வின்னி பிழைத்துவிட்டாள். உண்மையை உண்மையாகவே எழுதுகிறேன், உனக்காகக் குறைக்கவில்லை. வாந்தியும் பேதியுமாக ரொம்ப மோசமாகக் கிடந்தாள். தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று முதல் நாள் முழுவதும் யாரிடமும் சொல்லவில்லையாம். உடம்பில் நீரே இல்லாமல் சுருண்டுவிட்டாள். கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாரை வரவழைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மகன் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். என் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தச் சொல்லிக் கையசைத்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த மணித் தண்ணிதான் என்னக் காப்பாத்துச்சு டெலியா. உன் தம்பிக்குச் சொல்லு."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

டெலியா


இனிஷ்டுவான்,
5 ஜனவரி 2011

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நலமாக இரு. வின்னியம்மா பிழைத்தார் என்று படித்ததும் தொழுவத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. உறவெல்லாம் பரப்பிவிட்டார். புத்தாண்டன்று மலைப்பக்கத்திலிருந்து மூன்று குடும்பம் படகில் வந்து இறங்கியது. ஒருவருக்கு நெஞ்சில் சளி, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மணித் தண்ணீர் வேண்டுமாம். இல்லை என்றேன். ஒரே சண்டை. பெக்கி என்னைப் பார்த்து, "மணி உன் அப்பன் வீட்டுச் சொத்தாடா?" என்று கேட்டாள். காவலுக்குத்தான் இருக்கிறேன், காவல்தான் காக்கிறேன் என்றேன்.

மறுநாள் கொல்லனிடம் போய் மணிக்கு நாக்கு போட்டுவிட்டேன். கிண்ணமாகப் பிடித்தால் இனி நடுவில் இரும்பு தொங்கும். யாரும் வாய் வைக்க முடியாது. வேண்டுமானால் அடித்துக் கேட்டுக்கொள்ளட்டும். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

கை கழுவச் சொல்வதை விட்டுவிடாதே, அக்கா. யாராக இருந்தாலும் கேள்.

உன் தம்பி,
கோல்மன்


நகர மருத்துவமனை,
12 ஜனவரி

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மணிக்கு நாக்கு போட்டதை ஊர் எப்படி நினைத்தாலும், எனக்கு உன்மேல் பெருமையாக இருக்கிறது. பெக்கி, இதையும் படித்துக்கொள்.

எனக்கு நடந்ததை இப்போது சொல்லலாம், ஆபத்து தாண்டிவிட்டது. ஆறாம் தேதி, பெண்கள் கிறிஸ்துமஸ். வீட்டு வேலையெல்லாம் ஆண்கள் தலையில் கட்டிவிட்டுப் பெண்கள் வெளியே போகிற நாள் என்பதால் வார்டில் ஆள் குறைவு, டெர்வ்லாவும் விடுமுறை. மத்தியானம் குளிர் ஆரம்பித்தது. பல் கிட்டித்தது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்று டெர்வ்லா எனக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கியிருந்தாள். அழைப்பு மணியை அழுத்தினேன். புதிதாக வந்த சின்ன டாக்டர் தலையை நீட்டினார்.

"லேசான காய்ச்சல்தான். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்."

"பொறுக்க முடியாது டாக்டர். எனக்கு வெள்ளை அணு கெடையாது. இப்பவே ரத்தம் எடுங்க, இப்பவே மருந்து ஏத்துங்க."

"வேற நோயாளிங்களும் இருக்காங்கம்மா," என்று போய்விட்டார். மறுபடி அழுத்தினேன். யாரும் வரவில்லை. அவர்களுக்கு எவ்வளவோ வேலை, நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று மனசு சொன்னது. அதே மனசுதான் வின்னியையும் படுக்க வைத்தது. எழுந்தேன். மருந்துப் பை தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போய்த் திறந்தேன். கரையிலிருந்து படகைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன், கோல்மன். "நான் செத்துக்கிட்டிருக்கேன்! யாராவது வாங்க!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். மருந்து ஏறியது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹெஃபர்னன் மறுநாள் வந்து சொன்னார். சொல்வதற்கு முன் கை கழுவினார், நான் கேட்காமலேயே. சின்ன டாக்டரும் வந்து மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல தம்பி, அடுத்த ஆளுக்கு ஓடி வாங்க," என்றேன்.

இன்னும் ஒரு சுற்று மருந்து இருக்கிறது. அதையும் முடிப்பேன். வீட்டுக்கு வருவேன்.

உன் அக்கா,
டெலியா


இனிஷ்டுவான்,
28 பிப்ரவரி

என் அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை உன்னை அனுப்புகிறார்கள் என்று டெர்வ்லா போன் செய்தாளாம். பெக்கி தபால் ஆபீசை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னோடு பேசுகிறாள். இருவரும் அழுதோம்.

எல்லாம் தயார். பெக்கி வீட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். கன்று தொழுவத்துக்குப் போய்விட்டது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைப்பாள். இந்த வாரம் தும்மினவர்கள் படகுத்துறைப் பக்கம் வரக்கூடாது என்று ஞாயிறு பூசையில் எழுந்து நின்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பங்குத்தந்தையே தும்மினார். அவரும் வரமாட்டார். வருகிறவர்கள் தள்ளி நின்று கையசைப்பார்கள், அணைப்பதெல்லாம் பிறகு. ஃபெஸ்டஸ் உன்னை வீட்டுவரை கொண்டுவந்து விடுவான். கை கழுவித்தான் தொடுவான்.

நான் வரமாட்டேன், அக்கா. நேற்றிலிருந்து எனக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வெறும் மூக்குதான். துணிமணியை எடுத்துக்கொண்டு ஃபெஸ்டஸின் வலைக் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டேன். முழுதும் சரியாகி ஒரு வாரம் போனபிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன். "அஞ்சு மாசம் கழிச்சு அக்கா வருது, மூக்கொழுகலுக்குப் போயி இப்படி ஒளிஞ்சுக்கிட்டு... துறைக்கு வாடா" என்று ஃபெஸ்டஸ் சிரித்தான்.

"ஆஸ்பத்திரிக்கு மணியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் நான் இப்படித்தாண்டா நெனச்சேன். ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன்," என்றேன்.

அவன் அப்புறம் சிரிக்கவில்லை.

பத்திரமாக வா.

உன் தம்பி,
கோல்மன்